சாக்பீஸில் வரைந்த பால்கனி

போன வாரம் சாந்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். ஓசூரில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் என்னிடம் நான்கு வருடம் வேலை கற்றுக்கொண்டு, 2005இல் விலகிப் போனவள். இப்போது மடிவாளா பக்கம் ஒரு பெரிய ஏஜென்சியில் இருக்கிறாள். ஒரு குடும்பம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் போகிறதாம். அதே கட்டணத்தில் கொஞ்சம் பெரிய பால்கனி உள்ள அறையாகக் கேட்கிறார்களாம்.

"கம்ப்யூட்டர்ல எல்லா ரூமும் ஒரே மாதிரிதான்க்கா காட்டுது. உங்களுக்குத்தான் அந்த நம்பரெல்லாம் மனப்பாடமாச்சே. ரெண்டு நம்பர் சொல்லுங்க, போட்டுடறேன்," என்றாள்.

நம்பர்கள் எனக்கு இன்னும் மனப்பாடம்தான். ஆனால் வாயில் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவளிடம் சொல்லவேண்டியதைப் போனில் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. நாற்பத்தேழுதான் ஆகிறது. ஆனால் எல்லோரும் வீட்டிலேயே டிக்கெட் எடுக்க ஆரம்பித்த பிறகு எங்கள் ஆபீஸ் போன வருடம் மூடப்பட்டது. வேறு இடத்தில் சேர நான் முயலவில்லை. அதற்குக் காரணம் ஆபீஸ் மூடியது மட்டும் இல்லை.

நாமக்கல்லில் பி.காம். முடித்துக் கல்யாணமாகி ஓசூர் வந்தேன். என் கணவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் வேலை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த டிராவல்ஸில் ரயில் ரிசர்வேஷன் படிவம் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு பாஸ்போர்ட் விண்ணப்பம், பிறகு விமான டிக்கெட். பயிற்சிக்காக ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போகும் இன்ஜினியர்களுக்கெல்லாம் நான்தான் டிக்கெட் போட்டேன். கப்பல் கடைசியாக வந்தது. கம்பெனிகள் தங்கள் டீலர்களைக் கப்பலில் அனுப்ப ஆரம்பித்ததும், அவர்களைப் பார்த்து வசதியுள்ள குடும்பங்களும் கேட்க ஆரம்பித்தன.

எங்கள் முதலாளி சேவியர் சார் கிருஷ்ணகிரிக்காரர். இளவயதில் பதினோரு வருடம் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். அதை அவர் மறைத்ததே இல்லை. வருகிறவர் தெலுங்கில் ஆரம்பித்தால் தெலுங்கு, கன்னடத்தில் ஆரம்பித்தால் கன்னடம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபமென்றால் துடைத்த கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளாமல் நம்மைப் பார்ப்பார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எங்கள் ஆபீஸ் தரை கருப்புக் கடப்பாக் கல். கப்பல் அறை கேட்டு யார் வந்தாலும், அளவு டேப்பை எடுத்து, அந்த அறையை முழு அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டுவார். இங்கே கதவு, இங்கே கட்டில், இது பாத்ரூம், இது அலமாரி, இதுதான் உங்களுக்கு நடக்க மிச்சமிருக்கும் வழி. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடுகளுக்குள் நின்று பார்ப்பார்கள். சிலர் முகம் சுருங்கிப்போய் விடுவார்கள். அவர்கள் போனாலும் பரவாயில்லை என்பார் சார். ஏமாந்துபோய் வந்து நிற்கிற ஆட்களின் முகத்தைப் பதினோரு வருடம் பார்த்துவிட்டாராம்.

அதில் ஒரு விதி. என்ன இருக்கிறதோ அத்தனையும் வரைய வேண்டும், குப்பைக்கூடை உட்பட. வரைந்ததைக் கட்டம் போட்ட தாளில் நகலெடுத்து ஃபைலில் வைக்க வேண்டும். பயணம் கிளம்பும் நாளன்று காலையில் அந்த ஃபைலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை அவர் ஒருமுறை படிப்பார்.

பால்கனி விஷயத்தில் மட்டும் நான் சாரைவிடக் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. கப்பலின் ஒவ்வொரு தளத்துக்கும் அச்சடித்த வரைபடம் வரும். கட்டணப் பட்டியலில் பால்கனி அறைகள் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஸ்கேல் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியும். கப்பலின் உடம்பு வெளியே புடைக்கும் இடத்திலும், பின்பக்கக் கடைசியிலும் சில அறைகளின் பால்கனி மற்றவற்றைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு இருக்கும். அந்த நம்பர்களை ஒரு பாக்கெட் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதே கட்டணத்தில் பெரிய பால்கனி வாங்கிக் கொடுக்கிற மேடம் என்று என்னைத் தேடி பர்கூரிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

நான் ஒரு தவறும் பழகியிருந்தேன். சார் பக்கத்தில் இல்லாதபோது பால்கனியைக் காலியாக வரைவேன். பெரிய பால்கனியில் சின்ன பால்கனியைப்போல இரண்டு நாற்காலி மட்டும் இருக்காது. சாப்பிடும் உயரத்துக்கு ஒரு வட்ட மேஜை, நாலு நாற்காலி, சாய்ந்து படுக்க ஒரு நீள நாற்காலி எல்லாம் இருக்கும். அத்தனையும் வரைந்தால் இடம் அடைத்துக்கொள்ளும். காலியாக இருந்தால்தான் பெரிதாகத் தெரியும். "வெளியவே ஒக்காந்து சாப்பிடலாங்க, டேபிள்லாம் போட்ருப்பாங்க" என்று வாயால் சொல்லிவிடுவேன். கோட்டில் போட மாட்டேன்.

2006 மே மாதம் முனியப்பா குடும்பத்தோடு வந்தார். தளி ரோட்டில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்பவர். தெலுங்கு பேசும் குடும்பம், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார்கள். மனைவி நாகமணி, நாலு வயதுப் பெண் பவித்ரா. அந்த வாரம் சார் இல்லை. கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூர் போயிருந்தார்.

முனியப்பாதான் பேசினார். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் ஆபீஸின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கை சேலைத் தலைப்பைப் பிடித்தது. விஷயம் இதுதான். முந்தைய வருடம் பூ வைக்கும் குளிர் அறைக்குள் நாகமணி கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஒரு வேலையாள் வெளியே கொண்டியைப் போட்டுவிட்டார். உள்ளிருந்து திறக்கும் பிடி பனிபிடித்து இறுகிப்போயிருந்தது. முக்கால் மணி நேரம். அதற்குப் பிறகு கதவு மூடிய அறையில் அவரால் படுக்க முடியவில்லை. ஏசி சத்தம் கேட்டால் எழுந்து வெளியே ஓடிவிடுகிறார். பஸ், விமானம் பரவாயில்லை, சுற்றிலும் ஆள் இருக்கிறார்கள். மூடிய அறைதான் ஆகாது. எங்காவது திறந்தவெளியாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொன்னாராம். கடலைவிடத் திறந்தவெளி ஏது என்று முனியப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது.

"அவ படுக்கற மாதிரி பால்கனி வேணும் மேடம். கதவைத் தொறந்து வச்சிக்கினு வெளியவே படுத்துக்குவா. ரூம் எப்பிடி இருந்தாலும் சரி."

என் பாக்கெட் நோட்டுக்காகவே செய்த கோரிக்கை. பின்பக்க மூலையில் ஒரு அறை இருந்தது. பால்கனி மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, டேப்பை எடுத்து வரைந்தேன். அறைக்குள் எல்லாவற்றையும் போட்டேன், குப்பைக்கூடைகூட. கண்ணாடிக் கதவைப் போட்டேன். அதற்கு வெளியே பால்கனியைப் பெரிதாக, காலியாக வரைந்தேன்.

நாகமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு கதவுக்கோட்டைத் தாண்டி பால்கனிக்குள் போனார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஆபீஸில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, சேலையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டு, அந்தக் கடப்பாக் கல்லில் மல்லாந்து படுத்தார். தலை ஒரு கோட்டிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, பாதம் இன்னொரு கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "இங்க தூங்கலாம்" என்றார். அவ்வளவு நேரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான். முனியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதற்குள் அந்தக் குழந்தை மூலையில் இருந்த விளம்பரத் தாள் ஸ்டாண்டில் ஏறியிருந்தாள். குறுக்குக் கம்பிகள் வைத்த இரும்பு ஸ்டாண்ட். நாகமணி எழுந்து உட்கார்ந்து, "பவி" என்று கூப்பிட்டார். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னொரு கம்பி மேலே ஏறினாள். "பவி, எறங்கு" என்றார் முனியப்பா. இன்னொரு கம்பி. அவளுக்கு அது விளையாட்டு. யாராவது கூப்பிட்டால் ஒரு படி மேலே போக வேண்டும்.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் இப்படித்தான் செய்வான். அதனால் நான் ஒன்றும் பேசாமல், வேறு எதற்கோ போவதுபோல் பின்பக்கமாகப் போய் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டேன். "கூப்டா இன்னும் மேல போவாங்க. சத்தம் போடாம போய் புடிக்கணும்," என்றேன். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து அந்த அறையைப் பதிவு செய்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சார் திரும்பி வந்தார். கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அன்றைக்குத்தான் முனியப்பா குடும்பத்துக்குக் கப்பல். சிங்கப்பூர் நேரம் மாலை நாலு மணிக்குக் கிளம்பும், நமக்கு மதியம் ஒன்றரை. அவர் வந்து சேரவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. வந்ததும் அன்றைய ஃபைல்களைக் கேட்டார். சின்ன எழுத்து அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, நான் படித்துச் சொன்னேன். கட்டத்தாளை மட்டும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பால்கனில ஒண்ணும் இல்லியா வசந்தாம்மா?"

நான் சொன்னேன். மேஜை, நாலு நாற்காலி, நீள நாற்காலி.

"எங்க, காணோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, டாக்டர் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தைக்கு என்ன வயசு?"

"நாலு சார்."

"வெளிய படுக்கணும்னு வாங்கன ரூமு. கதவு தொறந்தேதான் இருக்கும்," என்றார். அது கேள்வி இல்லை. பிறகு, "பால்கனி கம்பி நம்ம நெஞ்சு ஒசரம் இருக்கும். தரைல நிக்கற கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. மேஜைமேல நின்னா முட்டி ஒசரம்," என்றார்.

அப்போதுதான் அந்த இரும்பு ஸ்டாண்ட் எனக்கு ஞாபகம் வந்தது. அது என் கண்ணெதிரிலேயே, மூலையில் இருந்தது. நான் அதைச் சாரிடம் சொன்னேன். கூப்பிட்டால் மேலே ஏறுவாள் என்று சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது.

ஃபைலில் முனியப்பாவின் மொபைல் நம்பர் மட்டும்தான் இருந்தது. அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திரும்ப அடித்தேன். சிங்கப்பூரில் எங்கள் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் ஆபீஸுக்கு அடித்தேன். அவர்கள் அறைக்குப் போய்விட்டார்கள், இனி கப்பலுக்குள் நாங்கள் போக முடியாது என்று ஒரு பெண் சொன்னாள். கப்பல் கம்பெனிக்கு அடித்தால், சனிக்கிழமை என்பதால் பதிவு செய்த குரல் வந்தது. சார் ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதினார். அறை நம்பர், குழந்தை, பால்கனி மேஜையை உடனே அகற்றவும். ஏஜென்ட்டுக்கு ஃபேக்ஸ் போட்டோம். போனதாகச் சீட்டு வந்தது. யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை.

மணி ஒன்று ஐந்து. என் விரல் அதே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. சார் என் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கினார். தளி ரோட்டில் அவர்கள் பூ பேக் செய்யும் ஷெட்டின் நம்பர் அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே இருந்த மேஸ்திரியிடம் தெலுங்கில், அவசரமே காட்டாமல், வீடு, மழை எல்லாம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, அம்மாவிடம் தனியாக மொபைல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நம்பரை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏன் அப்படிச் சாவகாசமாகப் பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். பதறினால் அந்த ஆள் நம்பரைத் தப்பாகச் சொல்வார் என்றார்.

மணி ஒன்று பத்து. அந்தப் புது நம்பரை அடித்தேன். மூன்றாவது மணியில் நாகமணி எடுத்தார். ஓசூர் டிராவல்ஸிலிருந்து வசந்தா என்றேன்.

"அக்கா! இப்பதான் ஒங்களப் பத்தி நெனச்சேன். நீங்க வரைஞ்ச மாதிரியே இருக்குது அக்கா, பெருசா. நல்ல காத்து. அவரு மேல வீடியோ எடுக்கப் போயிருக்காரு."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஆபீஸில் ஒரே ஒரு வாக்கியம் பேசிய பெண்மணி அவர்.

"பவி எங்க?" என்றேன்.

"வெளியதான். டேபிள் மேல நின்னுக்கினு எல்லா கப்பலுக்கும் டாட்டா காட்றா."

"நீங்க எங்க இருக்கறீங்க?"

"கட்டில்ல. பெட்டியிலிருந்து துணி எடுத்துக்கினு..."

"டேபிள் எங்க இருக்குது நாகமணி?"

எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மூச்சை இழுப்பது கேட்டது. குழந்தை பெயரின் முதல் எழுத்து அவர் வாயிலிருந்து வந்தது.

"கூப்புடாதீங்க," என்றேன். "கூப்புடாதீங்க. கூப்ட்டா ஏறுவா. சத்தம் போடாம எழுந்திரிங்க. ஓடாதீங்க. சும்மா நடந்து போங்க. அவளப் பாக்காத மாதிரி போங்க. பின்னால போயி இடுப்பப் புடிங்க. ரெண்டு கையாலயும்."

கால் சத்தம் கேட்கவில்லை, அங்கே தரையில் கம்பளம். பிறகு காற்று போனில் மோதும் சத்தம் வந்தது. அதாவது கதவைத் தாண்டிவிட்டார். குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், சொற்கள் புரியவில்லை. உடனே கப்பலின் சங்கு ஊதியது. ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு பெரிய சத்தம். அது நிற்பதற்குள் ஏதோ கீழே விழுந்து உடைவதுபோல் ஒரு சத்தம். லைன் அறுந்துவிட்டது.

திரும்ப அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. ஒன்றரை மணி ஆனதும் சார் என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார்.

அந்தக் கப்பல் அடுத்து நிற்பது பினாங்கில், மறுநாள். நம் நேரத்துக்குக் காலை பத்தரை. அதுவரை எதுவும் தெரியாது. ஏஜென்ட் பெண்ணிடம் மாலையில் மறுபடி பேசினோம். ஃபேக்ஸைப் பார்த்ததாகவும் கப்பலுக்குத் தகவல் அனுப்பியதாகவும் சொன்னாள். பதில் வரவில்லையாம். "கெட்ட செய்தியாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்கு அதில் "இதற்குள்" என்ற ஒரு சொல்தான் கேட்டது.

சார் என்னைத் திட்டவில்லை. நான் கேட்டேன், நீங்கள் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் இல்லையா சார் என்று. வெட்கமில்லாமல் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படி என்னால சொல்ல முடியாது வசந்தாம்மா" என்றார். அந்த மனிதர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதலில் மொட்டை மாடிக்குப் போனேன். நாங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், காலி பெயின்ட் டின், பழைய துணி துவைக்கும் கல். மூன்று வருடமாக அங்கேயே இருந்தவை. ஸ்டூலையும் டின்னையும் கீழே கொண்டுவந்தேன். கல்லை நகர்த்த முடியவில்லை. என் மகன் பக்கத்தில் நின்று, "ஏம்மா, யார்னா வராங்களா?" என்று கேட்டான். அவனைக் கிட்டே இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். வலிக்குதும்மா என்று சொன்ன பிறகுதான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஒன்பது மணிக்கே போய்த் திறந்தேன். சார் மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்தார். இருவரும் போனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் அடிக்கவில்லை. லைன் ஃப்ரீயாக இருக்கட்டும் என்றார் சார். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. தவறான நம்பர் ஒன்று வந்தது. பதினோரு மணிக்கு மேல் மறுபடி அடித்தது. முனியப்பாவின் குரல்.

"மேடம், நாகமணி பேசணுங்கறா."

எனக்கு அந்த இரண்டு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

நாகமணி மெதுவாகத்தான் பேசினார். இடுப்பைப் பிடித்துவிட்டாராம். சொன்ன மாதிரியே, இரண்டு கையாலும். அதற்காகப் போனை விட்டிருக்கிறார். அது தரையில் விழுந்து பேட்டரி தனியாகக் கழன்று கம்பி இடுக்கு வழியாகக் கடலுக்குள் போய்விட்டது.

"சங்கு ஊதனப்ப திடுக்கினு துள்ளிட்டாக்கா. அப்ப என் கைல இருந்தா. ஒரு கால் மட்டும் கம்பி மேல இருந்துச்சு."

"தூங்கினீங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"கதவைப் பூட்டிட்டேன்," என்றார். "மேஜைய எடுத்துக்கினு போக ஆள் வந்தாங்க. வேணாம், கதவைப் பூட்டி சாவி இருந்தா அதையும் எடுத்துக்கினு போங்கன்னு சொல்லிட்டேன். அவள புடிச்சிக்கினு உள்ளயே ஒக்காந்திருந்தேன். ஏசி ஓடிக்கினே இருந்துச்சு."

மூன்று இரவும் அப்படித்தான். இரண்டு மடங்கு பெரிய பால்கனிக்கு வெளியே கடல் இருந்தது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஒரு வருடம் வீட்டை விட்டு ஓடினாரோ, அந்தச் சத்தத்துக்கு நடுவில், மூடிய கதவுக்குப் பின்னால், குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்த வாரம் இருவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். குழந்தையை அழைத்து வரவில்லை. முனியப்பாவுக்கு ஒரே உற்சாகம். "ஒங்களாலதான் மேடம். இப்ப வீட்லயும் கதவைச் சாத்திக்கினு தூங்கறா. டாக்டரால ஆவாதது கப்பல்ல ஆச்சு," என்று சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாகமணி சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவை இப்போது அவர் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் இரண்டு தடவை வீட்டுக்குப் போன் போட்டு, பவி எங்கே, எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார்.

பிறகு என்னிடம், "அந்த ரூம இன்னொரு தபா வரைங்கக்கா," என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். அவர் டேப்பை எடுத்துக் கொடுத்தார். வரைந்தேன். பால்கனிக் கோட்டை முடித்ததும் நாகமணி சாக்பீஸை வாங்கிக் குனிந்து, கடல் பக்கத்துக் கோட்டை ஒட்டி ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி நாலு சின்னச் சதுரம். வட்டத்துக்குள் இரண்டு பாதம்போல இரண்டு கோடு.

"இது இங்க இருந்துச்சு," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஒரு இடத்துக்கு வழி சொல்வதுபோல் சொன்னார்.

கையில் இருந்த தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார். "கூப்புடாதன்னு சொன்னீங்களே, எப்படிக்கா ஒங்களுக்குத் தெரியும்?"

மூலையில் இருந்த ஸ்டாண்டைக் காட்டினேன். "அன்னைக்கு இதுல ஏறினா இல்ல. நீங்க கூப்புடக் கூப்புட மேல போனா. அதப் பாத்தேன்."

நாகமணி ஸ்டாண்டைப் பார்த்தார். தரையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கேவா பாத்தீங்க?" என்றார்.

முனியப்பா, சரி கிளம்பலாம் என்று எழுந்தார். அவர்கள் படியிறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஆபீஸில் வேலை பார்த்தேன். குப்பைக்கூடை, நாற்காலி, கம்பியின் உயரம் எல்லாம் வரைந்தேன். சிறு குழந்தை உள்ளவர்கள் பால்கனி கேட்டால் அரை மணி நேரம் பேசி ஜன்னல் மட்டும் உள்ள அறைக்கு மாற்றினேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஏஜென்சிக்குப் போனார்கள். சார் அதைத் தடுக்கவில்லை. அந்த ஸ்டாண்டை மட்டும் ஒருநாள் நான் வருவதற்குள் எங்கோ அனுப்பியிருந்தார். என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது. இன்றும் அவன் என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எழுந்து போய்ப் பார்க்கிறேன். என் கணவர் இதை ஒரு வியாதி என்கிறார். இருக்கலாம்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு இன்று காலை சாந்திக்கு நானே போன் செய்தேன்.

"நீங்க கூப்புடவே இல்லியேக்கா. நானே பிளான் பாத்து பின்பக்க மூலைல ஒண்ணு புடிச்சிட்டேன். நல்லா பெரிய பால்கனி. இன்னைக்கு கன்பார்ம் பண்ணணும்," என்றாள்.

"வீட்ல யார் யாரு?"

"புருஷன் பொண்டாட்டி, அவரோட அம்மா."

"கொழந்தை?"

"இருக்குதுன்னுதான் நெனைக்கறேன். வயசு கேக்கலியேக்கா. ஃபார்ம்ல பின்னாடி போட்டுக்கலாம்னு..."

"இப்பவே கேளு," என்றேன். "வயசு கேளு. ஏறுமான்னு கேளு. நான் லைன்லயே இருக்கறேன்."

அவள் ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்துப் போனில் நம்பரை அழுத்துவது கேட்டது. நான் காத்திருந்தேன். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.